ஜெயசுதாவின் இரண்டு டிக்

அத்தியாயம் 14

போன வாரம் அய்யப்பனை மலையிலேயே விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவனும் பதினோரு நாளாகக் கரியாலூரில் ஒரு விடுதிக்கு அறைக்கு அறை வைஃபை போட்டுக்கொண்டிருந்தான். விடுதிக்கு வர வேண்டிய லைனே கடைசி நாள்தான் வந்து சேர்ந்தது. அதுவரை அவன் போனில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் வைஃபை கொடுக்கிறவனுக்கு அம்மாவிடம் பேச வழியில்லையா என்று விடுதிச் சமையல்காரர் தினமும் கிண்டல் செய்தார்.

திங்கட்கிழமை காலையில் இறங்கியவன் கள்ளக்குறிச்சியில் இருக்கும் தன் கடைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. வண்டியை நேராக நைனார்பாளையத்துக்கு விட்டான். பின்சீட்டில் கட்டியிருந்த பையில் புத்தம் புதிய ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றும் நாற்பது மீட்டர் கேபிளும் இருந்தன. தங்கை ஜெயசுதாவின் வளைகாப்புக்கு அவன் வைக்கும் சீரில் அதுதான் முதல் பொருள்.

மற்ற அண்ணன்மார் பழத்தட்டும் பட்டுப்புடவையும் கொண்டு போவார்கள், இவன் வைஃபை பெட்டி கொண்டு போகிறான் என்று யாரும் சிரிக்க வேண்டாம். அதற்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. குவைத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பிரவீன்குமாருக்கு லீவு கிடைப்பது சந்தேகமாக இருந்தது. மனைவியின் கையில் வளையல் அடுக்குவதை அவன் போனிலாவது பார்க்க வேண்டும். அதற்கு வீட்டின் பின்கட்டு வரைக்கும் வைஃபை எட்ட வேண்டும்.

பிரவீனின் அப்பா தனசேகரனின் வீடு ஊரைத் தாண்டி மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதுமே ஜெயசுதாவின் மாமியார் விஜயலட்சுமி வாசலுக்கு வந்துவிட்டாள்.

“வாப்பா அய்யப்பா. மலையில சோறு போட்டாங்களா இல்லியா? இப்டி கறுத்துப்போயி வந்து நிக்கிற.”

“போட்டாங்க அத்த. வெயிலுதான் ஜாஸ்தி.”

“அது கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம வளைகாப்புன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப போயி உங்க மாமா, புதன்கெழமையே வெச்சிடலாம்ன்றாரு. ஏன்னு கேட்டா எழுந்து மோட்டார் கொட்டாய்க்குப் போய்டறாரு. ஒம்பது நாளா அந்த மனுசனுக்கு இன்னா வந்துச்சோ தெரியல. நீயாவது கேளு.”

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு அய்யப்பன் பின்கட்டுக்குப் போனான்.

அந்த அறை பிரவீன் அனுப்பிய பணத்தில் கட்டியது. ஒன்பது அங்குலச் சுவர், இரும்புக் கதவு. கல் மாதிரி உறுதி, அதனால்தான் வைஃபையும் உள்ளே நுழையாது. ஜெயசுதாவுக்கு இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. இந்த ஏழாவது மாதத்தை எட்டிப் பிடித்ததே பெரிய பாடு. படியேறக் கூடாது, மனசை அலட்டிக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். சாதாரண போன் சிக்னலோ மாடியில்தான் கிடைக்கும். ஆக, அவளுக்கு உலகம் என்று இருந்தது இந்த அறையும், ஹாலில் இருக்கும் வைஃபையும்தான்.

அண்ணனைப் பார்த்ததும் சிரித்தாள். ஆனால் கண் வீங்கியிருந்தது.

“தூங்கலியா நீ?”

“தூங்கறேன்ணா. நீ மொதல்ல பொட்டிய மாட்டு. அப்பறம் பேசலாம்.”

அய்யப்பன் ஹாலில் இருந்த பழைய பெட்டியிலிருந்து கேபிளை இழுத்து, மாட்டுக்கொட்டகைச் சுவரோரமாக ஓட்டி, ஜன்னல் வழியாக அறைக்குள் கொண்டு வந்தான். நுனியைச் சீவி, எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, கிளிப் போட்டு இறுக்கினான். அவன் ஸ்டூலில் நின்று சுவரில் பெட்டியை மாட்டும்போது ஜெயசுதா கட்டிலில் உட்கார்ந்தபடி தானாகவே பேச ஆரம்பித்தாள்.

“அவரு எங்கிட்ட பேசி ஒம்பது நாளு ஆவுதுண்ணா.”

“ஏன்? சண்டையா?”

“வளைகாப்புக்கு லீவு கெடைக்கலன்னு முந்தின வெள்ளிக்கெழம ராத்திரி சொன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். ரெண்டு புள்ளையும் போனப்ப நீ இல்ல, இதுக்கும் நீ இல்ல, இனிமே எனக்குப் போனே பண்ணாதன்னு சொல்லி கட் பண்ணிட்டேன். மறுநாள்லேந்து போனே வரல. நான் சொன்னத அப்டியே புடிச்சிக்கினாரு.”

“மெசேஜ் போட வேண்டிதான?”

“போடாமயா இருப்பேன். பதினோரு வாய்ஸ் மெசேஜ் போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணும் போவல, எல்லாத்துலயும் கடிகாரம் மாதிரி வந்து நிக்கிது. முன்னல்லாம் ஹால்ல போயி உக்காந்தா எனக்கு வைஃபை வரும். ஒம்பது நாளா அங்கயும் வரல. நாத்தனா மணிமொழிகிட்ட அவ போனக் கேட்டா, அண்ணன் எடுக்கல அண்ணின்றா. மாமாகிட்ட மட்டும் வேல ஜாஸ்தின்னு சொன்னாராம்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு அவரு பேசக்கூட வேணாம்ணா. நான் சொன்னது அவரு காதுல விழுந்தா போதும். நான் வாய் தவறி சொல்லிட்டேன்னு அவருக்குத் தெரியணும்.”

“அவ்ளோதான? அர மணி நேரத்துல போவும் பாரு” என்றான் அய்யப்பன்.

அவன் அப்படிச் சொன்னதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அவன் போட்ட லைன் ஓடாமல் இருந்ததாகச் சின்னசேலம் வட்டாரத்தில் யாரும் சொல்ல முடியாது.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் ஆரஞ்சு விளக்குதான் எரிந்தது. கிளிப்பில் ஒரு கம்பி ஆழமாகப் போய் உட்காரவில்லை. வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி இறுக்கினான், பச்சை வந்தது. ஹாலில் இருக்கும் வைஃபைக்கு என்ன பெயரோ அதே பெயர், அதே பாஸ்வேர்டை இதற்கும் கொடுத்தான். அப்படிக் கொடுத்தால்தான் வீட்டுக்குள் எங்கே நடந்தாலும் போன் தானாகவே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொள்ளும். தன் போனில் பார்த்தான், பறந்தது.

ஜெயசுதாவின் போனை வாங்கிப் பார்த்தான். வைஃபை கோடு நிறைய இருந்தது, கீழே மட்டும் ‘இன்டர்நெட் இல்லை’ என்று வந்தது.

போனை அணைத்துப் போட்டான். பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தான். சேனலை மாற்றினான். அவன் போன் ஓடுகிறது, இந்தப் பெட்டியிலேயே அவள் போன் மட்டும் ஓடவில்லை. அவனுக்கு எரிச்சலாக வந்தது. எந்தப் பெட்டியிலிருந்து எது வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்காகப் புதுப் பெட்டிக்கு மட்டும் ‘டெஸ்ட்’ என்று வேறு பெயர் வைத்தான்.

“பாஸ்வேர்ட் பழசுதானண்ணா?”

“பழசுதான். இரு, ஹால்ல இருக்கற பொட்டிய ஒரு பார்வ பாத்துட்டு வரேன். கோளாறு அங்கதான் இருக்கணும்.”

ஹாலில் பிரவீனின் தங்கை மணிமொழி இருந்தாள். காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறவள், அந்த வீட்டு வைஃபைக்கு அவள்தான் அதிகாரி. அய்யப்பன் லேப்டாப்பைத் திறந்ததும் அவள் முகம் மாறியது.

“ரூட்டர் பாஸ்வேர்ட் இன்னா மணி?”

“மறந்துட்டேன் மாமா.”

“மறந்துட்டியா? போன மாசம் நீதான எனக்குச் சொன்ன.”

அய்யப்பன் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினான். அடியில் ஒட்டியிருந்த காகிதத்திலேயே எழுதியிருந்தது, அதை யாரும் மாற்றவும் இல்லை. உள்ளே போனான். அப்பா, மணி, டிவி என்று அந்த வீட்டிலிருக்கும் எல்லாவற்றுக்கும் மணிமொழி அழகாகப் பெயர் எழுதி வைத்திருந்தாள். கீழே தடுக்கப்பட்டவை என்று ஒரு பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது: ‘அண்ணி’. ஒன்பது நாளைக்கு முன்பு, சனிக்கிழமை மதியம் போட்ட தடை.

அய்யப்பனுக்கு முதலில் வந்தது கோபம்தான். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் புருஷனிடம் பேசவும் தடையா என்று அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி நகர்ந்தது. தடையை எடுக்கக் கையைக் கொண்டு போனபோது மணிமொழி லேப்டாப்பின் மேல் கையை வைத்தாள்.

“எடுக்காதீங்க மாமா. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். அப்பாவப் பாருங்க, அப்பாகிட்ட கேளுங்க.” அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகையைப் பார்த்தபோதே அய்யப்பனுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைக் கேட்க அவன் மோட்டார் கொட்டாய்க்கு நடந்தான். இருநூறு அடிதான் இருக்கும். வழியில் இரண்டு தடவை நின்றான்.

தனசேகரன் ஓடாத மோட்டாருக்குப் பக்கத்தில் உரச்சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாள் தாடி. அய்யப்பனின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் தெரிந்துவிட்டது.

“பாத்துட்டியா தம்பி?”

“இன்னா மாமா நடந்துச்சு?”

“தூக்கத்துலயே போயிட்டான்.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வெள்ளிக்கெழம ராத்திரி படுத்தவன், காலையில எழுந்திரிக்கல. நெஞ்சுவலியாம். முப்பத்தோரு வயசுல இன்னா தம்பி நெஞ்சுவலி. கூட ரூம்ல இருக்கற வீரமணிதான் போன் பண்ணி சொன்னான். நம்ம ஏரியாப் பையன். அவன்தான் பேப்பர் வேலையெல்லாம் பாத்துக்கினு இருக்கான்.”

வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் சண்டை போட்ட அதே ராத்திரி. போனே பண்ணாதே என்பதுதான் பிரவீன் கடைசியாகக் கேட்ட பேச்சு. இது தெரிந்தால் ஜெயசுதா எப்படித் தாங்குவாள் என்றுதான் அய்யப்பன் முதலில் நினைத்தான்.

“அத்தைக்கு?”

“தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சா மூடி வெக்க மாட்டா. எனக்கும் மணிக்கும்தான் தெரியும். அவன் போன் வீரமணிகிட்டதான் இருக்குது, சார்ஜ் போட்டு வெச்சிருக்கான். தெனம் ஒரு வாட்டி அந்த நம்பருக்குப் போன் பண்றேன் தம்பி. அவன் நம்பர்தான, மணியடிக்கும்போது கொஞ்சம் நிம்மதியா இருக்குது. அப்பறம் வீரமணி எடுத்துடறான்.”

பிறகு தனசேகரன், ஒன்பது நாளாகத் தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கைச் சொன்னார்.

“வர்ற வெள்ளிக்கெழம ஒடம்பு வருது. புதன்கெழம வளைகாப்ப முடிச்சிடலாம். முடிச்ச கையோட உன் தங்கச்சிய உங்க வூட்டுக்கு அழச்சிக்கினு போய்டு. கொழந்த பொறக்கற வரைக்கும் அங்கயே இருக்கட்டும். போன் கீன் கைல குடுக்காத. பொறந்தப்பறம் நான் வந்து சொல்லிக்கிறேன்.”

“அவ புருசன் மொகத்த அவ பாக்க வேணாமா மாமா?”

“பாத்தா கொழந்த நிக்காது.”

“நாளைக்கி அவ கேப்பா. கடைசியா ஒரு வாட்டி காட்டாம விட்டுட்டியே, நீ எனக்கு அண்ணனான்னு கேப்பா. நான் இன்னா பதில் சொல்றது?”

“என் மேல பழிய போடு. என்ன அவ காலத்துக்கும் திட்டட்டும்.” தனசேகரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டு வாட்டி போச்சு தம்பி. என் புள்ளைன்னு மிச்சம் இருக்கறது அவ வயித்துல இருக்கறதுதான். அதையும் நான் தூக்கிக் குடுத்துட முடியாது. ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு என் கையில அடிச்சி சத்தியம் பண்ணு.”

அவர் செய்வது தப்பு என்று அய்யப்பனுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த மனிதரை எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் வரவில்லை. கையில் அடித்தான். அடித்த அந்த நிமிடத்திலேயே தன் மேல் அவனுக்கு வெறுப்பு வந்தது.

வீட்டை நோக்கி நடக்கும்போது சொல்ல வேண்டிய பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பெட்டி பழுதும்மா, கடையிலிருந்து வேறே மாற்றிக் கொண்டு வரணும். அவன் போட்ட பெட்டி பழுது என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவளுடைய பதினோரு மன்னிப்பையும் கடிகாரத்திலேயே நிற்க விட வேண்டும்.

அறை வாசலில் கால் வைத்ததுமே ஜெயசுதாவின் குரல் கேட்டது.

“கெளம்பிடுச்சுண்ணா. பதினோரு மெசேஜும் கெளம்பிடுச்சு.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முகம் விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. ஒன்பது நாள் வீங்கிய கண்ணும் சிரித்தது.

“எப்டி?” என்றான் அய்யப்பன்.

“நீ டெஸ்டுன்னு ஒண்ணு வெச்ச இல்ல, அதுல பாஸ்வேர்ட் போட்டேன். கப்புனு புடிச்சிக்கிச்சு. நீ பெரிய ஆளுண்ணா.”

அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இந்தக் காலத்துப் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒவ்வொரு அடையாள முகவரியைக் காட்டுகின்றன. மணிமொழி தடுத்து வைத்தது பழைய பெயரில் வந்த முகவரியை. இவன் பெயரை மாற்றியதும் அவள் போன் புது முகவரியோடு, புது ஆள் மாதிரி உள்ளே போய்விட்டது. இதை அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் அவன். இன்றைக்குப் பார்த்து மறந்து தொலைத்தான்.

“நானூறு மெசேஜுக்கு மேல வந்து குமிஞ்சி கெடக்குது. அத யாரு பாக்கறது. இங்க பாரு, ரெண்டு டிக் வந்துடுச்சு.”

அந்த நானூறில் என்னவெல்லாம் இருக்குமோ. குவைத்துப் பையன்கள் யாராவது பிரவீனின் போட்டோவுக்கு மாலை போட்டு அனுப்பியிருந்தால் என்ன செய்வது. அய்யப்பன் கையை நீட்டினான்.

“போன இப்டி குடு ஜெயா. ஒண்ணு பாக்கணும்.”

“இருண்ணா.” அவள் கொடுக்கவில்லை. திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். “நீலமாயிடுச்சு. கேக்கறாருண்ணா. ஒவ்வொண்ணா கேட்டுக்கினு வராரு.”

கண்ணீர் கன்னத்தில் ஓட ஓட அவள் சிரித்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டு, “உங்கப்பாவுக்குக் கோவம் போயிடுச்சுடா” என்று சொன்னாள். அய்யப்பன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அப்படி நிற்பதற்குப் பதிலாகச் செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியது.

டீ டம்ளர்களோடு விஜயலட்சுமி வாசலுக்கு வந்துவிட்டாள்.

“பேசிட்டானா? நான் சொல்லல? என் புள்ள எத்தினி நாளைக்கி மொறச்சிக்குவான். எங்கிட்டயே அவனால ஒரு வேளைக்கி மேல கோவமா இருக்க முடியாது.”

“டைப் பண்றாரு அத்த.” ஜெயசுதா போனைத் திருப்பி மாமியாருக்குக் காட்டினாள். பிரவீனின் சிரித்த போட்டோ, பக்கத்தில் அவன் பெயர், அதற்குக் கீழே ‘டைப்பிங்’ என்ற எழுத்து.

வீரமணியைத் தவிர வேறு யாராக இருக்க முடியும். ஒன்பது நாளாக அறைத்தோழனின் போனைக் கட்டிக்கொண்டு இருக்கிறவன், இந்தப் பதினோரு மன்னிப்பையும் கேட்டு முடித்திருக்கிறான். மனசு கேட்காமல் ஏதோ எழுதுகிறான். உண்மையை எழுதினால் இவள் அதைப் புருஷன் போட்டோவுக்குக் கீழே படிப்பாள். இரக்கப்பட்டு, கோபம் இல்லை என்று பிரவீன் சொல்வது மாதிரியே எழுதிவிட்டால்? இவள் அந்தப் பொய்யை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புதன்கிழமை வளையல் போட்டுக்கொள்வாள். வெள்ளிக்கிழமை பிரவீனின் உடல் இந்த வீட்டுக்கு வரும்போது இவள் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள்.

இரண்டில் எது வந்தாலும் அது செத்தவன் பெயரில்தான் வரும். அதை அய்யப்பனால் தாங்க முடியவில்லை. சத்தியம் போகட்டும் என்று முடிவு செய்தான். தனசேகரனின் முரட்டுக் கை கண் முன்னால் வந்தது, அதுவும் அவனைத் தடுக்கவில்லை. இதைச் சொல்வதானால் அண்ணன்தான் சொல்ல வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

அவள் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தான். போனை அவள் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்துக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான்.

“ஏன்ணா? அவரு எழுதிக்கினு இருக்காருண்ணா.”

“அது பிரவீன் இல்ல ஜெயா.”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. “பின்ன யாரு?”

“வீரமணி. மாப்ளயோட போன் இப்ப அவங்கிட்டதான் இருக்குது.”

ஜெயசுதா அண்ணனின் முகத்தையே பார்த்தாள். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை என்று அவள் மனசு ஒவ்வொரு நாளாகத் திரும்பிப் போவது அவள் கண்ணிலேயே தெரிந்தது. அவள் கை தானாக வயிற்றுக்குப் போய் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

கேட்டது அவள் இல்லை, வாசலில் டம்ளர்களோடு நின்றவள்தான்.

“வீரமணி எதுக்குப்பா அந்தப் போன வெச்சிருக்கான்? என் புள்ள எங்க?”

இரண்டு பெண்களும் அவனையே பார்த்தார்கள். யாருக்கு முதலில் சொல்வது என்று தெரியாமல், அய்யப்பன் தங்கையின் இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.